தேவதாஸுக்கு முகச்சவரம்

(தெருமுனைச் சலூன். பழனி கத்தியில் புது பிளேடு மாட்டுகிறார். நூலகத்தில் வேலை பார்க்கும் சேகர் முகம் முழுக்க நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருக்கிறார்.)

பழனி: நேற்று டிவியில் இந்தி தேவதாஸ் போட்டார்கள், சார். ஷாருக்கான் நடித்தது. கடைசியில் அந்தப் பெண் ஓடி வருகிறாள், வாசல் கதவைச் சாத்திவிடுகிறார்கள். என் துண்டு நனைந்துவிட்டது.

சேகர்: 2002 படம். நாவலைப் படித்திருந்தால் இவ்வளவு அழுதிருக்கமாட்டீர்கள்.

பழனி: ஏன், நாவலில் அவன் சாகமாட்டானா?

சேகர்: சாகிறான். ஆனால் அதை எழுதிய வங்க எழுத்தாளர் சரத்சந்திரர் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. பாவி என்றே எழுதுகிறார். இப்படி ஒரு துர்பாக்கியசாலியை எங்காவது சந்தித்தால் அவனுக்காகக் கொஞ்சம் பிரார்த்தனை செய்யுங்கள் என்கிறார்.

பழனி: எங்காவதா? மாதத்துக்கு ஒருவர் இந்த நாற்காலியிலேயே வந்து உட்காருகிறார். தாடியைத் தொடாதே, மீசையை மட்டும் ஒழுங்குபடுத்து என்பார்.

சேகர்: நாவல் வெளிவந்தது 1917-ல். நம்மூருக்கு 1953-ல் நாகேஸ்வர ராவும் சாவித்திரியும் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

பழனி: என் அப்பா அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லாத நாள் இல்லை. கண் சொருகியிருக்க வேண்டும் என்பதற்காக ராத்திரியில் படம்பிடித்தார்களாமே?

சேகர்: ஆமாம். நாகேஸ்வர ராவ் ஒரு சொட்டுக் குடிக்காமல் தூக்கக் கலக்கத்திலேயே சாதித்துவிட்டார்.

பழனி: அந்தக் கண் எனக்கும் உண்டு. காலை ஆறு மணிக்குக் கடை திறக்கிறேன் அல்லவா. சரி, நேற்றுப் பார்த்த தேவதாஸ் லண்டனில் என்ன படித்தான்?

சேகர்: நாவலில் படிப்புக்காக அவன் கல்கத்தாவைத் தாண்டவில்லை. சினிமாக்காரர்கள்தான் கப்பல் ஏற்றிவிட்டார்கள்.

பழனி: அவர்கள் காசு, அவர்கள் கப்பல். உங்களுக்கு என்ன நஷ்டம்?

சேகர்: அவன் காதலி பார்வதியும் அவனை நேசிக்கும் தாசி சந்திரமுகியும் சேர்ந்து ஆடுகிறார்களே, அதுதான் நஷ்டம். புத்தகத்தில் இருவரும் சந்திப்பதே இல்லை. 1955-ல் பிமல் ராய் எடுத்த படத்தில் ஒருத்தி பல்லக்கில் போகிறாள், இன்னொருத்தி நடந்து வருகிறாள். ஒரு பார்வை. ஒரு வார்த்தைகூட இல்லை!

பழனி: ஊரெல்லாம் ஒரே ஆளை நினைத்து அழுகிறவர்கள் தெருவில் எதிர்ப்பட்டால் பேசாமல் போவார்களா? எங்கள் தெருவில் வந்து பாருங்கள். தாடையைத் தூக்குங்கள்.

சேகர்: கலை என்பது…

பழனி: கத்தி தொண்டையில் இருக்கிறது. கலையைப் பிறகு பேசலாம். (மூன்று இழுப்பு இழுக்கிறார்.) பார்வதி நெற்றியில் மாலையால் அடித்தானே, அதுவாவது புத்தகத்தில் இருக்கிறதா?

சேகர்: அடி உண்டு, மாலை இல்லை. குளக்கரையில் தூண்டில் கம்பால் அடித்தான். நிலவுக்கும் களங்கம் உண்டு என்று வசனம் வேறு.

பழனி: தூண்டில் கம்பா! ரத்தம் வந்திருக்குமே. உடனே படிகாரம் தேய்த்திருந்தால் அடையாளமே தெரியாது. பக்கத்தில் விவரம் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லையா?

சேகர்: அண்ணே, அந்தத் தழும்பைத் தடவித்தான் அவள் காலம் தள்ளுகிறாள். படிகாரம் தேய்த்தால் நாவலில் பாதி போய்விடும்.

பழனி: பாதிதானே? சினிமாவில் பாட்டைப் போட்டு நிரப்பிவிடுவார்கள். எனக்குப் பாவமாக இருப்பது அவளைக் கட்டிக்கொண்ட கிழவர்தான். பெரிய பெரிய பிள்ளைகள், கொள்ளை நிலம், மனைவியின் மனது மட்டும் வேறு ஊரில்.

சேகர்: கிழவரா? புவன் சௌத்ரிக்கு நாற்பதுகூட ஆகவில்லை என்றுதான் சரத்சந்திரர் எழுதியிருக்கிறார்.

பழனி: (கத்தியை நிறுத்தி, கண்ணாடியில் சேகரை உற்றுப் பார்த்து) உங்களுக்கு எத்தனை, சார்?

சேகர்: நாற்பத்து மூன்று. ஏன்?

பழனி: ஒன்றுமில்லை. காதோரத்துக்குக் கொஞ்சம் சாயம் போடட்டுமா?

சேகர்: …போடுங்கள்.