விளம்பரம் கொடுப்பவர் கையில் செய்தியும் போய்விட்டது

பத்திரிகைச் சுதந்திரம் என்றாலே டெல்லியையும் சென்னையையும் பற்றித்தான் பேசுகிறோம். சேலத்துக்காரர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, நம்மூர் மத்திய சிறையே போதும்.

1950 பிப்ரவரி 11. அரசியல் சட்டம் அமலுக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. சேலம் சிறைக்குள் கம்யூனிஸ்ட் கைதிகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து 22 பேர் செத்தார்கள். அதே வருஷம் மார்ச் 1ஆம் தேதி, பம்பாயில் ரொமேஷ் தாப்பர் நடத்திய ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற இடதுசாரி வார இதழ் இங்கே நுழையவே கூடாது என்று அன்றைய சென்னை அரசு தடை போட்டது. பொதுப் பாதுகாப்பாம். அவர் நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார், மே மாதமே தடை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அப்புறம் என்ன நடந்தது தெரியுமா, அடுத்த வருஷமே முதல் சட்டத்திருத்தம் கொண்டுவந்து ‘பொது ஒழுங்கு’ என்ற காரணத்தையும் பேச்சுரிமைக்கான கட்டுப்பாடுகளில் சேர்த்துவிட்டார்கள்.

1994இல் இன்னொரு வழக்கு. கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய தன்வரலாற்றை ‘நக்கீரன்’ பத்திரிகை வெளியிடப் போகிறது, அதில் அதிகாரிகள் பெயர் வருகிறது என்றதும் சிறைத்துறை ஐ.ஜி. வெளியிடக்கூடாது என்று கடிதம் அனுப்பினார். வெளியாகும் முன்பே தடுக்கிற அதிகாரம் அரசுக்கும் கிடையாது, அதிகாரிகளுக்கும் கிடையாது, அவதூறு என்று நினைத்தால் வந்தபிறகு வழக்குப் போட்டுக்கொள்ளலாம் என்றது உச்ச நீதிமன்றம். 1995 ஏப்ரலில் ஆட்டோ சங்கரைத் தூக்கிலிட்டது இதே சேலம் சிறையில்தான். அவன் செய்த கொலைகளுக்கு நான் பரிந்து பேசவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு இன்றைக்கும் ஒவ்வொரு நிருபருக்கும் காவலாக நிற்கிறது.

ஆட்சி எதுவானாலும் கை நீளாமல் இருந்ததில்லை. 1987இல் ஒரு கார்ட்டூனுக்காக ‘ஆனந்த விகடன்’ ஆசிரியரைச் சட்டமன்றம் ஜெயிலுக்கு அனுப்பியது. 2025 பிப்ரவரியில் இன்னொரு கார்ட்டூனுக்காக அதே விகடனின் இணையதளத்தை முடக்கினார்கள். இதெல்லாம் வெளியே தெரிந்தது, ஊரே பேசியது, கோர்ட்டுக்குப் போக வழி இருந்தது. எனக்குப் பெரிய கவலை, யாருக்கும் தெரியாமல் செத்துப்போகிற செய்திகளைப் பற்றித்தான்.

ஏற்காட்டுப் பக்கம் எனக்குத் தெரிந்த நிருபர் ஒருவர் இருக்கிறார். பேர் வேண்டாம். அனுப்புகிற செய்திக்கு வரும் காசு பெட்ரோலுக்கே பத்தாது. குடும்பம் ஓடுவது விளம்பரக் கமிஷனில்: பொங்கல், தீபாவளி, தலைவர் பிறந்தநாள், மே மாதம் கோடை விழா. ஓடையை மறித்து ஒரு ரிசார்ட்டுக்குச் சுவர் எழுப்புகிறார்கள் என்று போட்டோ எடுத்து, சர்வே எண்ணும் வாங்கி, எழுதியும் முடித்துவிட்டார். சாயங்காலம் உள்ளூர்க் கட்சிப் பொறுப்பாளரிடமிருந்து போன். “தம்பி, பொங்கலுக்கு முழுப்பக்கமே கொடுத்துரலாம்னு இருக்கேன். அந்த ஓடை மேட்டரை மட்டும் கொஞ்சம் பாத்துக்கப்பா.” அவ்வளவுதான், மிரட்டல்கூட இல்லை. செய்தி வரவில்லை. ஏங்ணா இப்படி என்று கேட்டேன். “அந்த ஒரு பக்கத்துலதான் பையனோட காலேஜ் ஃபீஸ் இருக்கு, என்ன பண்ணச் சொல்ற?” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரியான சம்பளம் கொடுக்காத முதலாளியைக் குறை சொல்வேன், அந்த ஏழ்மையைத் தெரிந்து வைத்துக்கொண்டு போன் போடுகிறவரைக் குறை சொல்வேன்.

2018இல் சென்னை–சேலம் எட்டு வழிச்சாலைக்கு நிலம் எடுக்க நம் பக்கம் வயலில் இறங்கி அளவுக்கல் நட்டபோது பெண்கள் மறித்து அழுததை வெளியுலகத்துக்குக் காட்டியது பெரும்பாலும் இப்படிப்பட்ட உள்ளூர் நிருபர்கள்தான். அவர்களுக்குத் துணையாக யார் நிற்கிறார்கள்?

இதே கதைதான் மேல்மட்டத்திலும். அரசு விளம்பரமும் டெண்டர் அறிவிப்பும் மக்கள் வரிப்பணம், ஆனால் பிடிக்காததை எழுதினால் எங்கே அது நின்றுவிடுமோ என்ற பயத்திலேயே எத்தனையோ தலைப்புகள் மாறிவிடுகின்றன. விளம்பரத்தை எந்த விதிப்படி பிரித்துக் கொடுக்கிறோம், யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று வருஷா வருஷம் மாவட்ட வாரியாக வெளியிட வேண்டும். அவதூறைக் கிரிமினல் குற்றமாக வைத்திருப்பதையும் எடுக்க வேண்டும், நஷ்ட ஈடு கேட்க சிவில் கோர்ட் போதும். ஒரு அமைச்சருக்காக அரசு வக்கீலே அவதூறு வழக்குப் போடலாம் என்கிற ஏற்பாடு எந்த ஊர் நியாயம்? நம் ஊரில் சம்பளக்கார நிருபரை வைத்து நடத்துகிற பத்திரிகை எது என்று பார்த்துச் சந்தா கட்டுவது நம் பங்கு.

சேலம் மாவட்டத்தில் போன மூன்று வருஷமும் எந்தப் பத்திரிகைக்கு, எந்தச் சேனலுக்கு எவ்வளவு அரசு விளம்பரம் போனது என்று கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் இந்த வாரம் மனு போடுகிறேன். மனு நகல் கமெண்டில் இருக்கிறது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, மாவட்டத்தின் பெயரை மட்டும் மாற்றி நாமக்கல், தருமபுரி, ஈரோட்டுக்காரர்களும் அனுப்புங்கள். பதில் வந்ததும் எல்லாவற்றையும் சேர்த்து இங்கேயே போடுவோம்.