ஹாலேயில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

பத்து நாளில் ஏழு நாடு சுற்றி வந்தவர்களிடம் "எந்த ஊர் பிடிச்சது?" என்று கேட்டுப் பாருங்கள். உடனே போனை எடுத்து போட்டோவைத் தள்ளித் தள்ளித் தேடுவார்கள். நானும் ஒருமுறை அப்படிப் போனவன்தான். பஸ்ஸில் தூங்கியதும், சுவிஸ்ஸில் யாரோ புளிசாதம் கொடுத்ததும்தான் இன்று ஞாபகம் இருக்கிறது.

இந்தமுறை ஜெர்மனியில், லைப்சிக்கில் மகள் வீட்டில் இருந்தேன். ஒரு நாள், ஒரே ஊர், அவ்வளவுதான் என்று கிளம்பினேன். ஊர் ஹாலே. ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. "அங்க என்னப்பா இருக்கு, ஹைடெல்பெர்க் போகலாமே" என்றாள். ஹைடெல்பெர்க்கைப் பார்க்க ஊரே போகிறது, நான் வேறு எதற்கு?

ஞாயிறு என்பதால் கடைகளெல்லாம் அடைப்பு. ஜெர்மனியில் அது வழக்கம். எனக்கு அதுவே வசதி, பர்ஸைத் தொட வேலையில்லை. சந்தைச் சதுக்கத்தில் நான்கு கோபுரம் வைத்த தேவாலயம், அதன் எதிரே தனியாக நிற்கும் சிவப்புக் கோபுரம். இசைமேதை ஹேண்டல் 1685இல் பிறந்தது இந்த ஊரில், ஞானஸ்நானம் பெற்றது அந்தத் தேவாலயத்தில். 1546இல் கிறிஸ்தவச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதரின் உடலை விட்டன்பெர்க் கொண்டுபோகும் வழியில் இங்கே வைத்திருந்தார்கள். இறந்த முகத்தில் எடுத்த அச்சு இன்னும் உள்ளே இருக்கிறது. நான் பார்க்கவில்லை. லீவில் வந்து சாவு வீட்டு முகத்தைப் பார்ப்பானேன்? சிவப்புக் கோபுரத்தில் 76 மணிகள். அவை அடித்து ஓயும்வரை ஒரு காபியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

மதியத்துக்கு மேல் ஃபிராங்கே வளாகம். 1698இல் ஃபிராங்கே என்ற பாதிரியார் அநாதைக் குழந்தைகளுக்காகத் தொடங்க, பள்ளி, அச்சகம், மருந்தகம் என்று தனி ஊராகவே வளர்ந்த இடம். மரச்சட்டம் வைத்துக் கட்டிய ஆறு மாடி வீடு ஒன்று, நூறு மீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கிறது. அநாதை இல்லத்தின் மேல்மாடத்தில் பதினெட்டாம் நூற்றாண்டு அதிசயப் பொருள் அறை. உத்தரத்தில் ஒரு முதலை தொங்குகிறது. அதற்குக் கீழே அலமாரி அலமாரியாகப் பார்த்துக்கொண்டே வந்தால், நம் ஓலைச்சுவடி!

புள்ளி வைக்காத எழுத்து. இரண்டு சொல்லுக்கு மேல் படிக்க வரவில்லை. ஆனாலும் அந்நிய ஊர் பஸ் ஸ்டாண்டில் சொந்தக்காரரைக் கண்டதுபோல அங்கேயே நின்றுவிட்டேன்.

1706இல் மதம் பரப்ப தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குக்குப் பின்னால் இருந்தது இந்த ஹாலேதான். தமிழ் எழுத்துகளை இங்கே அச்சுக்கு வார்த்து, கப்பலில் அனுப்பினார்கள். நம் முதல் அச்சு இது என்று சிலர் எழுதுகிறார்கள், தவறு. 1578லேயே கொல்லத்தில் தமிழ் அச்சேறிவிட்டது. ஹாலே எழுத்துகளோ அளவில் பெரியவை, காகிதத்தைத் தின்றன. கடைசியில் தரங்கம்பாடிக்குப் பக்கத்திலேயே, பொறையாறில், சின்ன எழுத்து வார்த்துக்கொண்டார்கள். பொறையாறுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

ஆனால் ஒரு கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அய்யனார், மாரியம்மன் வரை நம் தெய்வங்களைப் பற்றிக் கேட்டுக் கேட்டு எழுதி, 1713இல் சீகன்பால்கு ஹாலேக்கு அனுப்பினார். ஃபிராங்கே அச்சிடச் சம்மதிக்கவில்லை. உங்களை அனுப்பியது அந்த மதத்தை ஒழிக்க, அதை ஐரோப்பாவில் பரப்ப இல்லை என்பது அவர் கட்சி. அந்தப் புத்தகம் 1867இல்தான் அச்சானது, அதுவும் சென்னையில். நம் எழுத்தை அத்தனை மெனக்கெட்டு வார்த்த ஊர், அய்யனாரை மட்டும் நூற்றைம்பது வருஷம் பரணில் போட்டுவிட்டது. இதை ஒரு டூர் கைடு ஒன்றரை நிமிஷத்தில் சொல்லிவிட்டு பஸ்ஸைக் கிளப்பியிருந்தால் எனக்குக் கோபம்கூட வந்திருக்காது.

வெளியே வந்து ஸாலே ஆற்றங்கரைவரை நடந்தேன். இரண்டு ரயிலைத் தவறவிட்டேன். உப்புத் தொழிலாளர்களின் சட்டைப் பொத்தான் வடிவத்தில் ஹாலோரன் சாக்லேட் செய்கிறார்கள். ஸ்டேஷன் கடை மட்டும் திறந்திருந்ததால் ஒரு பெட்டி கிடைத்தது. மகள் பிரித்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "சரி, அடுத்த ஞாயிறு நானும் வரேன்" என்றாள்.

நீங்கள் போனால் திங்கட்கிழமை மட்டும் வேண்டாம். அந்த அறை மூடியிருக்கும்.