பேர் சொன்னால் போதாதா?

போன வாரம் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு, இரவு பதினொன்றரைக்குத் தூறலில் நடந்து வந்துகொண்டிருந்தேன். ரோந்து பைக் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. "எங்கருந்து வர்ற? ஆதாரை எடு." பெயர், தெரு, வேலை பார்க்கும் இடம் எல்லாம் சொன்னேன். ஆதார் வீட்டு பீரோவில் இருக்கிறது. உடனே அவர் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "கண்ணாடியைக் கழட்டு." முகத்தை வைத்து ஆளைத் தேடும் ஆப்பில் படம் எடுத்தார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, நெட் இல்லை. "சரி, போ."

வண்டி ஓட்டுகிறவர் சங்கதி வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 130-ஆம் பிரிவுப்படி, சீருடையில் இருக்கும் போலீஸ் கேட்டால் லைசென்ஸைக் காட்டியே ஆகவேண்டும். டிஜிலாக்கரில் காட்டினாலும் செல்லும். அது நியாயம்தான்.

நடந்து போகிற குடிமகன் எந்நேரமும் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்று பொதுச் சட்டம் ஏதும் இங்கே கிடையாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 39-ஆம் பிரிவு, பெயர் சொல்ல மறுத்தால் கைது செய்யலாம் என்கிறது. ஆனால் யாரை? வாரண்ட் இல்லாமல் பிடிக்க முடியாத சிறு குற்றத்தைப் போலீஸ் கண்ணெதிரே செய்தவரை, அல்லது செய்ததாகச் சொல்லப்படுபவரை. பெயரும் முகவரியும் உறுதியானதும் பிணைப்பத்திரம் வாங்கிக்கொண்டு விட்டுவிட வேண்டும். அதிலும் அட்டை என்ற பேச்சே இல்லை.

இதெல்லாம் தெரிந்தும் நான் ஏன் வாய் திறக்கவில்லை? நம் ஊரில் 'சந்தேக கேஸ்' என்றால் எல்லோருக்கும் புரியும். பழைய சட்டத்தில் 109-ஆம் பிரிவு, இப்போது புதியதில் 128. ஒருவர் மறைந்து திரிகிறார், குற்றம் செய்யத்தான் என்று நம்பக் காரணம் இருக்கிறது என்றால், ஒழுங்காக நடந்துகொள்வேன் என்று அவரிடம் பிணைப்பத்திரம் கேட்கலாம். நள்ளிரவில் கடை மூடிவிட்டு வரும் பரோட்டா மாஸ்டர் மறைந்து திரிகிறாரா, வீட்டுக்குப் போகிறாரா என்பதை அந்த நேரத்தில் யார் முடிவு செய்வது?

"தப்பு பண்ணாதவனுக்கு என்ன பயம்" என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு: மாதம் ஒருமுறை கேட்டால் எனக்கும் பயமில்லை. அந்த மாஸ்டரை வாரத்துக்கு நாலு நாள் நிறுத்துகிறார்கள். எதற்காக நிறுத்தலாம், எதைக் கேட்கலாம், எடுத்த படம் எத்தனை நாள் இருக்கும் என்று சட்டத்தில் தெளிவாக எழுதிவைத்தால் என்ன?

டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம், கைது செய்யும் போலீஸ்காரரின் பெயர் தெளிவாகத் தெரியும்படி பேட்ஜ் இருக்க வேண்டும் என்றது. நிறுத்தி விசாரிக்கும்போதும் அதே முறை வேண்டும் என்பேன். அன்று அவருடைய மழைக்கோட்டு பேட்ஜை மூடியிருந்தது. பேர் கேட்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அதற்குள் நெட் வந்துவிடப் போகிறது என்று நடையைக் கட்டினேன்.