மூணாவது பந்தியில சிரிச்சவங்களுக்கு

முந்தாநாள் கல்யாண மண்டபத்துல என்ன நடந்துச்சுன்னு இதைப் படிக்கிற பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு அந்தப் பாதிப் பேரே சொல்லியிருப்பாங்க. அதனால முழுசா எழுதப் போறதில்லை. "கோல்ஃபெல்லாம் பணக்காரன் வெளையாட்டு தம்பி, நமக்கெதுக்கு அது?" பந்தியில அண்ணன் சொன்ன இந்த ஒரு வரிக்கு மட்டும் பதில் சொல்லிட்டுப் போயிடறேன். இலையில கை வெச்சிருந்தப்ப பதில் வரலை. வீட்டுக்கு வந்து படுத்ததுக்கப்புறந்தான் வரிசையா வருது.

நான் கோல்ஃப் ஆடுனது கிளப்புல இல்லீங்க. சான் பிரான்சிஸ்கோவுல லிங்கன் பார்க்னு ஒரு மைதானம். நம்ம கோயமுத்தூர் வ.உ.சி. பூங்கா மாதிரி, ஊருக்குச் சொந்தம். மெம்பர்ஷிப் இல்லை, சிபாரிசு இல்லை, "யாரு வூட்டுப் பையன்"ங்கற விசாரணை இல்லை. காசு குடுத்தா சீட்டு. அந்த ஊர்ல குடியிருக்கறவனுக்கு ஒரு ரேட்டு, என்னை மாதிரி மகள் வீட்டுக்குப் போனவனுக்கு கொஞ்சம் கூட. அவ்வளவுதான் பாகுபாடு. தனியாப் போனா யாரோ மூணு பேரோட சேத்து விட்டுடுவாங்க. என்னோட வந்தவர்ல ஒருத்தர் ரிடையர் ஆன பஸ் டிரைவர். ரெண்டு ஓட்டைக்கு (பந்தைப் போடற குழிக்கு) ஒருக்கா உக்காந்து முட்டியைத் தேச்சுக்குவார். பணக்காரன் வெளையாட்டு!

கோல்ஃபோட தாய்வீடுன்னு சொல்ற ஸ்காட்லாந்து செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானமே பொதுச்சொத்துதான். ஞாயித்துக்கிழமை ஆட்டம் கிடையாது, ஊர்ச்சனம் நாயைக் கூட்டிட்டு அதுக்குள்ளார நடக்குது. நியூயார்க் பக்கம் பெத்பேஜ் மாநில அரசு நடத்தற பூங்கா. 2002லயும் 2009லயும் யு.எஸ். ஓபன் கோல்ஃப் போட்டி அங்கதான் நடந்துச்சு. அவ்வளவு தூரம் எதுக்கு, டெல்லியில குதுப் மைதானத்தை டி.டி.ஏ.ங்கற அரசு வளர்ச்சி ஆணையந்தான் நடத்துது. சீட்டு வாங்கி ஆடற எடம். திரும்பச் சொல்றேன், சீட்டு வாங்கி. சினிமாவுக்கு வாங்கற மாதிரி.

சரி, லிங்கன் பார்க் மேடு பள்ளம்னா சாதாரண மேடு பள்ளம் இல்லை. ஒரு ஓட்டைக்கு ஏறு, அடுத்ததுக்கு எறங்கு. தள்ளுவண்டியில பையைக் கட்டி இழுத்துட்டுப் போகணும். பதினேழாவதுல நின்னா கோல்டன் கேட் பாலம் அப்படியே முன்னாடி நிக்கும், பனி விட்டா. அந்த எடம் ஒரு காலத்துல இடுகாடு. அதை வாயை விட்டு அம்மாகிட்டச் சொல்லிட்டேன். போன்லயே "தலைக்கு ஊத்திட்டுத்தான வூட்டுக்குள்ள போன?"ன்னுச்சு.

மேட்டுல ஆடறதுல ஒரு கணக்கு இருக்குது. ஏத்தத்துல அடிக்கிறப்ப பந்து உசரமாப் போயி குறைச்சலா விழும், அதுக்கு இன்னும் கொஞ்சம் தூரம் போற மட்டையா எடுக்கணும். வலது கையில ஆடறவனுக்கு, பந்து காலுக்கு மேல இருந்தா இடது பக்கம் இழுக்கும், கீழ இருந்தா வலது பக்கம் ஓடும். மூணாவது ஓட்டை வரைக்கும் எனக்கு எல்லாப் பந்தும் குறைச்சலாவே விழுந்துச்சு. அப்புறந்தான் பிடிபட்டுது. என் கண்ணு படிச்சது ஏழாயிரம் அடி உசரத்துல. மலைமேல காத்து லேசு, பந்து கூடப் போகும். இங்க கடலோரக் குளிர்க்காத்து, அமுக்கிப் பிடிக்குது.

ஏழாயிரம் அடி எங்க வந்துச்சுன்னு கேப்பீங்க. வரேன்.

அதுக்கு முன்னாடி, "தண்ணிப் பஞ்சத்துல புல்லுக்குத் தண்ணி விடறதா"ன்னு கேக்கற தம்பிகளுக்கு. நியாயமான கேள்வி. ஆனா சாயத்தண்ணியை விட்டு நொய்யல் ஆத்துக்கு என்ன செஞ்சோம்னு ஒரத்துப்பாளையம் அணையைப் போய்ப் பாத்துட்டு வந்து கேளுங்க. (இது பதில் இல்லைன்னு எனக்கே தெரியும். எரிச்சல்ல வந்துருச்சு, இருக்கட்டும்.) "பதினெட்டு ஓட்டைக்கு நூறு ஏக்கருக்கு மேல வேணுமே"ன்னா, ஆமா, வேணும். தென்னந்தோப்பை சைட்டு போட்டு வித்தவங்க கேக்கறப்பதான் சிரிப்பு வருது. "கபடி ஆடலாமே"ன்னா, அம்பத்திநாலு வயசுல ஆடுங்க பாக்கலாம்.

இப்ப ஏழாயிரம் அடி. எங்க சித்தப்பா மலைமேல ஒரு கிளப்புல புல்லு வெட்டுனார். பேர் வேண்டாம். 1984ல, எனக்குப் பதிமூணு. மேட்டுப்பாளையத்துல இருந்து பள்ளிக்கூட லீவுக்குப் போவேன், ஆடறவங்க மட்டைப் பையைத் தூக்குவேன். மஞ்சப் பூ முள்ளுப் புதர்ல விழுற பந்தைத் தேடி முழங்கை ரெண்டும் கோடு கோடாக் கிழிஞ்சிருக்கும். காலையில பனி ஈரத்துல பந்து உருண்டா வெள்ளைக் கோடு விழும். அதைக் குந்தி உக்காந்து பாத்துப் பாத்துத்தான் எந்தச் சரிவு எங்க இழுக்கும்னு படிச்சேன். "ரெண்டு கப்பு வலதுங்க சார்"னு சொல்லுவேன், குழிக்கு ரெண்டு குழி அகலம் வலது பக்கமாப் பாத்து அடிக்கணும்னு அர்த்தம். சார் அடிப்பார், விழும். சாரைப் பாத்துக் கை தட்டுவாங்க.

ஒரு நாள் சாயங்காலம் ஆளில்லைன்னு நெனச்சு ஒரே ஒரு பந்து அடிச்சேன். ஒண்ணே ஒண்ணு. கிளப்புக்காரங்க பாத்துட்டாங்க. என்னை அடிக்கலை. சித்தப்பாவைக் கூப்பிட்டு, என் முன்னாடி நிக்க வெச்சுப் பேசுனாங்க. அவர் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்துல வெச்சுட்டு நின்னாரு. அதுக்கப்புறம் நான் மட்டையைத் தொட்டது லிங்கன் பார்க்லதான்.

பெங்களூரு முனியப்பா தெரியுமா? 2009ல இந்தியன் ஓபன் கோல்ஃப் போட்டி ஜெயிச்சவர். பை தூக்குனவர்தான். அவர் பேரை எந்தப் பந்தியிலயும் சொல்லிக் கேட்டதில்லை.

அண்ணன் சொன்ன ரெண்டாவது வரியை நான் இதுவரைக்கும் எழுதலை. பணக்காரன் வெளையாட்டுன்னதுக்கு யாரும் சிரிக்கலை. போன்ல என் போட்டோவைக் காட்டி, "பாரு, அங்கயும் பையத்தான் இழுத்துட்டுப் போறான், பழைய தொழில் உடுமா"ன்னாரே, அதுக்குத்தான் சிரிச்சீங்க. பாயசம் ஊத்திட்டு இருந்த பையன்கூட சிரிச்சான். இதைச் சொன்னவர் டவுன்ல ஒரு கிளப்புல மெம்பருங்க. நான் போனா கெஸ்டாத்தான் உள்ள விடுவாங்க, அதுவும் அவர் கையெழுத்துப் போட்டா.

அண்ணா, அது என் பை. அதுக்குள்ள இருந்த மட்டை மருமகனோடது, ஆனா பை நான் வாங்குனது. பதினேழாவதுல அந்த டிரைவர் குழிக்கிட்ட நின்னு எந்தப் பக்கம் இழுக்கும்னு தெரியாம முழிச்சார். நான் குந்தி உக்காந்து பாத்து, ரெண்டு விரலைக் காட்டி வலது பக்கம்னேன். விழுந்துச்சு. அவர் என்னைப் பாத்துக் கை தட்டுனார்.

அன்னிக்கு வந்த கோவத்துல மொய் வெக்காமயே வந்துட்டேன். கவர் சட்டைப் பையிலயே இருக்குது. பொண்ணு மாப்பிள்ளை மேல எனக்கு ஒண்ணும் இல்லை. பெருந்துறைப் பக்கம் போறவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, குடுத்து விடறேன்.