ஒரு நீலக் கம்பிக்காக விடிய விடிய விறைத்த வீடு

வெளியே மைனஸ் 22 டிகிரி, வீட்டுக்குள் 13 டிகிரி, நேரம் அதிகாலை இரண்டு மணி. வீட்டுச் சூட்டைக் கட்டுப்படுத்த, பத்து நாளைக்கு முன்பு வாங்கி மாட்டிய புரோகிராம் செய்யும் தெர்மோஸ்டாட் உயிரில்லாத கறுப்புச் சில்லாகச் சுவரில் தொங்குகிறது. அம்மா இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் என் ஜாக்கெட்டையும் போட்டுக்கொண்டு கட்டிலில் சுருண்டு கிடக்கிறார். நானோ தொலைபேசியில் அந்த நிறுவனத்தின் உதவிப் பிரிவோடு மன்றாடிக்கொண்டிருக்கிறேன். கனடாவின் ஸ்காபரோவில் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு இந்த இரவைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த உரையாடல் 50 நிமிடம் நீடித்தது. முதலில் பேசியவர், திரையில் என்ன தெரிகிறது என்று கேட்டார். ஒன்றும் தெரியவில்லை, திரை அணைந்துவிட்டது என்றேன். சரி, அமைப்புகள் பக்கத்துக்குப் போய் மின்கலத்தின் வோல்ட் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றார். திரையே அணைந்திருக்கிறது ஐயா, எந்தப் பக்கத்துக்கும் போக முடியாது என்றேன். பொறுங்கள் என்று சொல்லிப் பதினைந்து நிமிடம் இசையைக் கேட்கவைத்துவிட்டு, வேறொருவர் வந்து, திரையில் என்ன தெரிகிறது என்று முதலிலிருந்து தொடங்கினார். மூன்றாவதாக வந்தவர்தான், உங்கள் சுவரில் சி என்ற கூடுதல் கம்பி இருக்கிறதா என்று ஒருவழியாகக் கேட்டார். இல்லை என்றதும், அப்படியானால் தொழில்நுட்பரை அழையுங்கள் என்று முடித்துக்கொண்டார். இரவில் வருவதற்குத் தொழில்நுட்பர் கேட்ட தொகை 250 டாலர்.

பெட்டியின் மேலே கொட்டை எழுத்தில் அச்சடித்திருப்பது என்ன? பெரும்பாலான வீடுகளில் கூடுதல் கம்பி தேவையில்லை என்பதுதான். என் ஆத்திரமெல்லாம் இந்த ஒரு வரியின் மீதுதான்.

வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸுக்குள் இருக்கும் சிறிய டிரான்ஸ்ஃபார்மர் வீட்டின் 120 வோல்ட் மின்சாரத்தை 24 வோல்ட்டாகக் குறைக்கிறது. ஆர் என்ற சிவப்புக் கம்பி வழியாகத் தெர்மோஸ்டாட்டுக்கு வரும் அந்த மின்சாரம் திரும்பிப் போகும் வழியே சி. அந்த வழி இல்லாத வீட்டில், ஃபர்னஸ் ஓடாத நேரத்தில் அதை ஓடச் சொல்லும் வெள்ளைக் கம்பியான டபிள்யூ வழியாகச் சொட்டுச் சொட்டாக மின்சாரத்தைத் திருடித்தான் இந்தக் கருவி தன் சிறிய மின்கலத்தை நிரப்பிக்கொள்கிறது. ஃபர்னஸ் ஓடத் தொடங்கியதும் ஆரும் டபிள்யூவும் ஒன்றாகச் சேர்ந்துவிடுவதால் திருடுவதற்கு எதுவும் மிஞ்சாது. கடுங்குளிர் இரவில் ஃபர்னஸ் மணிக்கணக்கில் நிற்காமல் ஓடும், மின்கலம் வற்றும், திரை அணையும், ஃபர்னஸும் நின்றுவிடும். எந்த இரவில் இந்தக் கருவி இல்லாமல் முடியாதோ, அந்த இரவில் பார்த்துக் கைவிடும்படிதான் இதைச் செய்திருக்கிறார்கள் என்பதை, விற்கும்போது ஒருவரும் வாய் திறந்து சொல்வதில்லை. நான் கழற்றிப் போட்ட பழைய தெர்மோஸ்டாட்டுக்குள் கண்ணாடிக் குமிழில் ஒரு துளி பாதரசம் இருந்தது. வீடு குளிர்ந்தால் உலோகச் சுருள் திரும்பி, குமிழ் சாய்ந்து, பாதரசம் இரண்டு முனைகளையும் தொடும்; அவ்வளவுதான். மின்கலமே கேட்காமல் அது பல குளிர்காலங்களைத் தாண்டி உழைத்தது.

கடைசியில் நானே சோதித்தேன். ஃபர்னஸின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, சுவரில் சிவப்புக் கம்பியையும் வெள்ளைக் கம்பியையும் முறுக்கிச் சேர்த்து, பேஸ்மென்டுக்கு இறங்கி மின்சாரத்தைப் போட்டேன். முதலில் சிறிய விசிறி முனகியது. பற்றவைக்கும் கம்பி ஆரஞ்சு நிறத்தில் கனன்றது. டக்கென்று வாயு திறந்து நீலச் சுடர்கள் வரிசையாகப் பிடித்தன. ஆக, ஃபர்னஸில் ஒரு குறையும் இல்லை. இரண்டு நிமிட வேலையான இந்தச் சோதனையை, தொலைபேசியில் வந்த மூவரில் ஒருவராவது சொல்லியிருக்கக் கூடாதா? அப்படி முறுக்கிய கம்பிகளைக் கவனிக்காமல் விட்டால் ஃபர்னஸ் தானாக நிற்காது என்பதால், வீடு 20 டிகிரிக்கு வரும்வரை படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு மறுபடி மின்சாரத்தை நிறுத்திவிட்டு, சுவர்த் துளையில் டார்ச் அடித்துப் பார்த்தபோது, கம்பிகளின் உறையைச் சுற்றி இறுக்கிச் சுருட்டிச் செருகிவைத்த நீலக் கம்பி ஒன்று கண்ணில் பட்டது. அதன் மறுமுனை ஃபர்னஸின் மின்சுற்றுப் பலகைக்குப் பக்கத்தில் எதிலும் இணைக்கப்படாமல் தொங்கியது. பலகையில் ஆருக்கும் சிக்கும் இடையில் மல்டிமீட்டரை வைத்தால் 27 வோல்ட் காட்டியது. நீலக் கம்பியின் இரண்டு முனைகளையும் சீவி, பலகையிலும் தெர்மோஸ்டாட்டிலும் உள்ள சி திருகுகளில் மாட்டி, மின்சாரத்தைப் போட்டேன். தெர்மோஸ்டாட் கண் திறந்தது. செலவு ஒரு காசும் இல்லை.

சுவரில் எந்தக் கம்பி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள் என்று பெட்டியில் விலைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு வரி அச்சடிக்க இவர்களுக்கு என்ன கேடு? அச்சடித்தால் பாதிப் பேர் பெட்டியைத் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிடுவார்கள் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். எழுபது வயதுத் தாயைக் குளிரில் நடுங்கவிட்டாலும் விற்பனை குறையக் கூடாது.

காலை ஏழு மணிக்கு அந்த நிறுவனத்திடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது: உங்கள் பிரச்சினையை நாங்கள் தீர்த்துவைத்துவிட்டோம், கோப்பு மூடப்பட்டது.