பூட்ட மறந்தேனா, பூட்டியதை மறந்தேனா?

பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகளின் ஆங்கில விடைத்தாள் நேற்று மாலையிலிருந்து என் மேசைமேல் கிடக்கிறது. பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது. 'ஹி ஸ்டாப்ட்' என்று தொடங்கும் வாக்கியம், நடுவில் கோடிட்ட இடம், கடைசியில் 'டு ஹிஸ் ஃப்ரெண்ட்'. 'டாக்' என்ற வினையைச் சரியான வடிவில் நிரப்ப வேண்டும். அவள் 'டு டாக்' என்று நிரப்பியிருக்கிறாள். அதன்மேல் தாள் கிழியும் அளவுக்கு ஒரு சிவப்புக் கோடு. பக்கத்தில் 'டாக்கிங்' என்று திருத்தம்.

என்ன நியாயம் இது? நடந்து போனவன் நண்பனிடம் பேசுவதற்காக நின்றான் என்றால் 'டு டாக்'. பேசிக்கொண்டிருந்தவன் பேச்சை நிறுத்திக்கொண்டான் என்றால் 'டாக்கிங்'. இரண்டும் பிழையற்ற ஆங்கிலம். பொருள்தான் வேறு. அவன் நின்றானா, நிறுத்தினானா என்று காட்ட அந்தக் கேள்வியில் ஒரு சொல்கூட இல்லை. போய்க் கேட்ட பிள்ளைக்குக் கிடைத்த பதில்: "ஸ்டாப் வந்தால் இங்தான். பட்டியலை மனப்பாடம் செய்."

அந்தப் பட்டியலைத்தான் நானும் முப்பது ஆண்டுகளுக்கு முன்பு உருப்போட்டேன். பின்னால் 'இங்' வடிவம் கேட்கும் என்ஜாய், அவாய்ட், சஜஸ்ட் ஒரு பக்கம். 'டு' கேட்கும் வான்ட், டிசைட், ரெஃப்யூஸ் மறுபக்கம். 'அலவ்' என்ற சொல்லுக்கு நேரே இன்றைக்கும் வெறுமனே 'இங்' என்று போட்டிருக்கிறார்கள். 'தே அலவ் பார்க்கிங்' சரி. யாரை அனுமதித்தார்கள் என்று ஆளைச் சொல்லிவிட்டால் 'தே அலவ்ட் அஸ் டு பார்க்' என்று மாறுமே, அதை யார் சொல்லிக் கொடுப்பது?

எனக்குத் தாங்க முடியாதது இன்னொன்று. அதே வகுப்பறையில், அடுத்த பாடவேளையில், தமிழாசிரியர் தொழிற்பெயர் நடத்துகிறார். வினை பெயராக நின்று வேற்றுமை உருபை ஏற்கும் என்று பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள். ஆங்கில வகுப்பில் ஜெரண்ட் என்று சொல்லும், பெயராக நிற்கும் 'இங்' வடிவமும் ஏறக்குறைய இதே வேலையைச் செய்வதுதான் என்று ஒருவர்கூட அவர்களிடம் சொல்வதில்லை. 'கதவைப் பூட்ட மறந்துவிட்டேன்' என்றால் கதவு பூட்டாமல் கிடக்கிறது. 'கதவைப் பூட்டியதை மறந்துவிட்டேன்' என்றால் பூட்டியாயிற்று, நினைவில்லை. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத என் பாட்டிக்கும் இந்த வேறுபாடு தெரியும். ஆங்கிலத்தில் 'ஃபர்காட் டு லாக்', 'ஃபர்காட் லாக்கிங்' என்று பிரிவதும் இதே இடத்தில்தான். பேச மறுத்தான் என்கிறோம், பேசுவதைத் தவிர்த்தான் என்கிறோம். 'பேசத் தவிர்த்தான்' என்று தமிழ் பேசும் குழந்தைகூடச் சொல்லாது. ரெஃப்யூஸுக்கு 'டு', அவாய்டுக்கு 'இங்' என்பதில் பாதி வேலையை அந்தக் காதே முடித்துவிட்டதே!

எல்லா இடத்திலும் இது பொருந்தாதுதான். நாம் 'எழுதி முடித்தேன்' என்கிறோம், ஆங்கிலமோ 'ஃபினிஷ்' என்றால் 'இங்' கேட்கிறது. அப்படிப்பட்டவற்றை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள், யார் வேண்டாம் என்றது? பழைய ஆங்கிலத்தில் 'இங்' வினையிலிருந்து பெயரை உண்டாக்கும் விகுதி. 'டு' என்பது ஒன்றை நோக்கிப் போவதைக் குறித்த சொல். இந்த இரண்டு செய்திகளைச் சொல்ல ஐந்து நிமிடம் போதாதா? நோக்கிப் போவது இனிமேல் நடக்க வேண்டியது, பெயராகி நிற்பது பெரும்பாலும் நடந்தது அல்லது நடப்பது என்று பிள்ளைகள் தாமே பிடித்துக்கொள்வார்கள்.

சொல்லாததன் விளைவை அலுவலகத்தில் நாள்தோறும் பார்க்கிறேன். பட்டம் பெற்றவர்கள் எழுதும் கடிதங்கள் 'லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ' என்று முடிகின்றன. அந்த 'டு' முன்னிடைச் சொல், அதாவது பெயருக்கு முன்னால் வரும் பிரிபொசிஷன். அதன்பின் 'யுவர் ரிப்ளை' என்று ஒரு பெயரை வைத்தால் அப்படியே பொருந்தும், ஆகவே 'ஹியரிங்' என்றுதான் வர வேண்டும். 'டு' வந்தால் வெறும் வினை என்று அடித்து அடித்துப் பழக்கியிருக்கிறார்கள். பிழை எழுதியவர்களுடையதா?

நேற்றிரவு அவளை உட்காரவைத்து, தாளில் இருந்த ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கீழே தமிழில் எழுதச் சொன்னேன். 'ஸ்டாப்ட்' வாக்கியத்துக்குக் கீழே 'பேச நின்றான்' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தாள். "அப்பா, நான் இதை நினைத்துத்தான் எழுதினேன். இது எப்படித் தப்பு?"

நாளைக் காலை விடுப்புப் போட்டுவிட்டு, அந்தத் தாளோடு பள்ளிக்குப் போகிறேன். ஒரு மதிப்பெண்ணுக்காகவா வந்தீர்கள் என்று கேட்டால், ஆம், அந்த ஒரு மதிப்பெண்ணுக்காகத்தான்.