ரைலி கல்லறைகளையும் சொல்லியிருக்கலாம்
இங்கிலாந்தின் டார்பிஷயரில் உள்ள ஈம் கிராமத்துக் கல்லறைகளைப் பற்றி எழுதியதற்கு நன்றி. ஆனால் ரைலி கல்லறைகளை ஒரே வரியில் கடந்துவிட்டீர்களே! 1666ல் கொள்ளைநோய் வெளியூர்களுக்குப் பரவக் கூடாதென்று அந்த ஊரே தன்னை அடைத்துக்கொண்டது. தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்வதை நிறுத்தி, அவரவர் வீட்டுச் சாவை அவரவர் நிலத்திலேயே புதைக்கச் சொன்னார்கள். அந்த ஆகஸ்டில் எலிசபெத் ஹான்காக் என்ற தாய் எட்டே நாட்களில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்தார். எப்படித் தாங்கினாரோ! வட்டமான கற்சுவருக்குள், வயல்வெளியில் அவர்களின் நினைவுக்கற்கள் இன்றும் இருக்கின்றன; அவைதான் ரைலி கல்லறைகள். அந்த ஊர்ப் பாதிரியார் மாம்பெஸனின் மனைவி கேத்தரினும் அதே மாதம் நோயில் இறந்தவர்தான். ஆனால் அவர் கல்லறை தேவாலய வளாகத்திலேயே இருக்கிறது. போகிறவர்கள் அதோடு திரும்பிவிடாமல், ஊருக்குக் கிழக்கே சற்று நடந்து ரைலியையும் பார்த்துவிட்டு வாருங்கள்.